ரெண்டாவது ஆள்

அநியாயத்தைப் பாத்துக்கினு வாயை மூடிக்கினு இருக்குற ஆள் இல்லீங்க நான். அன்னிக்கு முதலாளி ரூம்ல எனக்கு எவ்ளோ கோவம் வந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க முதலாளி சிவசங்கர், சின்னசேலம் பக்கத்துல ரெண்டு ஜவ்வரிசி மில்லு வச்சிருக்காரு. ஹைதராபாத், பம்பாய்னு வியாபாரம் பெருகிப் போச்சு. இப்ப அவருக்கு சொந்தமா ஒரு குட்டி ஜெட் விமானம் வேணுமாம். கள்ளக்குறிச்சிக்கு ரயிலே இன்னும் ஒழுங்கா வந்து சேரல.

"தெய்வசிகாமணி, ரெண்டு ஜெட் பாத்து வச்சிருக்கேன். எதுக்கு இன்னா செலவாகும், எத்தினி ஆள் வேணும்னு ஒப்பிட்டு எழுதிக்கினு வா"ன்னாரு.

இருபத்தோரு வருசமா நான் அங்க மேனேஜர். போன ஆயுத பூஜைக்கு, செலவைக் கம்மி பண்ணினதுக்காக அவர் கையாலயே மோதிரம் வாங்கினவன். என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவாரு? ரெண்டு நாள் ஒக்காந்து எழுதினேன்.

ரூமுக்கு வெளிய பெஞ்சுல லாரி டிரைவர் பொன்னுரங்கம் ஒக்காந்துகினு இருந்தான். வலது கால்ல முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

போன மாசம் மலை மேல கரியாலூருக்கு, நம்ம மில்லுக்கு மரவள்ளி போடுறவங்களுக்கு உரமூட்டை ஏத்திக்கினு போனப்ப, மலை ஏத்தத்துல லாரி நின்னு போச்சு. கை பிரேக்கை இழுத்துப் போட்டுட்டு, இவன் எறங்கி ஓடி பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கான். அதுக்குள்ள வண்டி உருண்டு, சக்கரம் பாதத்து மேலயே ஏறிடுச்சு. இனிமே லாரி ஓட்ட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

"எடைமேடையில சீட்டு எழுதுற வேலை காலியா இருக்குதாமே சார். ஒக்காந்துகினே செய்யலாம். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

"நான் இருக்கேன், ஏன் கவலைப்படுற?"ன்னுட்டு உள்ள போனேன். போன வேகத்துல கதவைக்கூட சரியா சாத்தல.

"சின்ன ஜெட்டு ஒரு மணி நேரம் பறந்தா ஒன்றரை லட்சம் ஆகுதுங்க. பெருசுக்கு ரெண்டேகால். சின்னதை ஒரே பைலட் ஓட்டலாம்னு கம்பெனிக்காரனே எழுதிக் குடுக்குறான். பெருசுக்கு ரெண்டு பேர் கட்டாயம். ரெண்டாவது ஆளுக்கு சம்பளம், பயிற்சி, தங்குற செலவுன்னு வருசத்துக்கு அறுபது லட்சம் ஜாஸ்திங்க."

"பெருசையே வாங்கிடலாம்."

"ஒருத்தன் போதும்னு சொல்றப்ப எதுக்குங்க ரெண்டு பேரு?"

"நடு ஆகாசத்துல அந்த ஒருத்தனுக்கு நெஞ்சு வலிச்சா இன்னா பண்ணுவ? எம் பொண்ணு ரம்யாவும் அதுலதான் வருவா. ஒத்தை ஆளை நம்பி வண்டியில ஏறக் கூடாதுய்யா."

எனக்கு எங்கேருந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ தெரியல. கையில இருந்த தாளை மேசை மேல போட்டேன்.

"உங்க பொண்ணு உசுருக்கு அறுபது லட்சம் ஜாஸ்தியா செலவு பண்ணுவீங்க. வெளிய ஒருத்தன் உங்க லாரிக்காகக் காலைக் குடுத்துட்டு ஒக்காந்துகினு இருக்கான். ஒரு மாசமாச்சு, எட்டிப் பாத்தீங்களா? எடைமேடையில ஒரு நாற்காலி கேக்குறான், அவ்ளோதான். பணம் இருக்குறவன் உசுரு மட்டும்தான் உசுருங்களா?"

இருபத்தோரு வருசத்துல அவர்கிட்ட நான் குரலை ஒசத்தினது இல்ல. ஆனா அவரு கோவப்படல.

"நீ சொல்றது நியாயந்தான். அவனைக் கூப்பிடு."

பொன்னுரங்கம் ஊன்றுகோலை ஊனிக்கினு வந்து நின்னான். முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டு ஒக்கார வச்சாரு.

"எடைமேடை வேலையை நீயே எடுத்துக்கப்பா. ஆமா, கட்டை போடுறது கிளீனர் வேலையாச்சே. நீ ஏன் எறங்கின? மலைக்குப் போற வண்டின்னா ரெண்டு பேர் போவணும். அது எங்கப்பா காலத்துலேருந்து வழக்கம். கிளீனர் எங்க போனான்?"

பொன்னுரங்கம் என்னை ஒரு தடவை பாத்தான். அப்புறம் குனிஞ்சுகினான்.

"அவன் தங்கச்சிக்கு நிச்சயம்னு லீவு கேட்டான் முதலாளி. நான்தான் கச்சிராயபாளையத்துல அவனை எறக்கி வுட்டுட்டேன்."

முதலாளி மொகம் மாறிப் போச்சு.

"யாரைக் கேட்டு எறக்கி வுட்ட? அந்த ஏத்தத்துல எதிர்ல ஒரு பஸ்ஸு வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன். ஆனா உன்ன மாதிரி ஆளை மில்லுல வச்சுக்க முடியாது. கெளம்பு."

நான் மேசை மேல போட்ட தாளை எடுத்து மடிச்சு வச்சுக்கினேன்.

அவன் பின்னாலயே வெளிய ஓடினேன். "கையில வந்த வேலையை வுட்டுட்டியே. ஏன்டா அப்படிச் சொன்ன?"

"கதவு தெறந்துதான் சார் இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு. எனக்காக முதலாளிகிட்டயே அப்படிச் சத்தம் போட்டவரு நீங்க. உங்களை எப்படி சார் நான் காட்டிக் குடுக்குறது?"

சொல்லிட்டு, எடைமேடையைத் தாண்டி மெதுவா நடந்து போனான்.

ஒன்றரை வருசமா எங்க மலை லாரி எதுலயும் கிளீனர் கெடையாது. 'ரெண்டாவது ஆள் வீண் செலவு'ன்னு நானே எழுதி, முதலாளிகிட்ட சொல்லாமலே அத்தினி பேரையும் வூட்டுக்கு அனுப்பி, செலவைக் கம்மி பண்ணிக் காட்டினதுக்குத்தான் எனக்கு அந்த மோதிரம் கெடைச்சுது.