பளீர் வெள்ளை

"ஏங்க, புள்ளைக்கு வயிறு கெட்டதுக்கு நீங்க அனுப்புன அந்த வெள்ள மிட்டாய் மேலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள் நூர்நிஷா.

துபாயிலிருந்து முஃபீத் போனில் சிரித்தான். "குற்றாலத்துல குளிச்சிட்டுக் கண்டதயும் தின்னுருப்பா. மிட்டாய் என்ன பண்ணும்?"

"பளீர்னு வெள்ளையா இருக்கதுக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு போட்டிருக்கான். டப்பாவுலயே எழுதியிருக்கு. கண்ணுக்கே தெரியாத நானோ துகளாம். வயித்துல உள்ள நல்ல பாக்டீரியாவக் கெடுக்குமோன்னு ஆராய்ச்சி பண்ணுதாங்களாம்."

பன்னிரண்டு வயது மகள் அஃப்ரினுக்குப் பத்து நாளாக வயிறு சரியில்லை. மிட்டாய் டப்பாவை அன்றைக்கே குப்பையில் கொட்டிவிட்டாள் நூர்நிஷா. அப்படியும் சரியாகவில்லை.

"அதான் நல்ல பாக்டீரியாவுக்குன்னே டாக்டர் கேப்சூல் குடுத்திருக்காருல்லா? ஒழுங்காக் குடு நூரு, சரியாயிரும்."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு உயிர் வந்தது. மூன்று வேளையும் தவறாமல் கொடுக்கிறாள். போனை வைத்துவிட்டு, இந்த வேளைக்கான கேப்சூலைப் பிதுக்கி எடுத்தவள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்துப் பொடி எழுத்தை இன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'கேப்சூல் கூட்டின் நிறம்: டைட்டானியம் டை ஆக்ஸைடு.'

"உம்மா, மாத்திரை" என்று வாயைத் திறந்தபடி வந்து நின்றாள் அஃப்ரின்.

நூர்நிஷாவின் உள்ளங்கையில் கேப்சூல் பளீரென்று வெள்ளையாக இருந்தது.