கூப்பிட்டால் திரும்பாதே

"இருபத்தி மூனு," என்றார் பொன்னையா, கேட்டைத் திறக்கும்போதே. "காத்தாயி, இன்னைக்கு இருபத்தி மூனு தடவ என் மூஞ்சியப் பாத்திருச்சி."

"அறுபத்தஞ்சு வயசு மூஞ்சியப் பாத்து அது என்ன செய்யப்போகுது?" என்றாள் மனைவி. "மொதல்ல சட்டையக் கழட்டுங்க. நெத்தலி நாத்தம் கொடலப் புடுங்குது."

ஜொனி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். மாத்தளையில் தெருநாய்களைத் தத்துக் கொடுத்த இடத்திலிருந்து மகள் அனுஷியா கொண்டுவந்தாள். சங்கிலி மாட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனால் கோழியைப் பார்க்கும், குப்பையைப் பார்க்கும், போகிற வருகிற சைக்கிளைப் பார்க்கும். சங்கிலியைப் பிடித்திருக்கிற ஆளை மட்டும் பார்க்காது.

வீட்டுக்கு எட்டின தூரத்தில் யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோடு.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்பேச்சுக் கேக்கலேன்னா திருப்பிக் குடுத்துருவேன்ப்பா. லொறியில அடிபட்டுக் கெடக்குறத என்னால பாக்க ஏலாது," என்று மகள் சொல்லிவிட்டாள்.

வழியையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். நாய் முகத்தைப் பார்த்தால் உடனே ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு. வேறு எங்கே பார்த்தாலும் ஒன்றும் கிடையாது. பொன்னையாவின் சட்டைப் பையில் அன்றிலிருந்து கருவாடுதான்.

"ஒரே ஒரு கொறதான்," என்றார். "அவன் கொரலக் கேட்டா மட்டும் திரும்பிருது."

அவன் என்றால் பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம். இருவரும் ஒரே தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். பலாபத்வலையில் காணி வாங்கியதும் ஒட்டி ஒட்டித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாணிக்கவாசகம் தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. யார் கையிலோ கார்டைக் கொடுத்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கார்டு. அது சின்ன விஷயமா? அன்றைக்குப் பொன்னையா திருப்பிய முகம்தான்.

"கேட்டுல நின்னுக்கிட்டு தெனமும் 'என்னப்பா, வெள்ளனவே நடையா?'ங்கிறான். இது வால ஆட்டிக்கிட்டு ஓடுது. என் நாயக் கெடுக்கத்தான் அப்படிச் செய்றான்."

"நாய்க்கிட்ட யாராச்சும் வெள்ளனவே நடையான்னு கேப்பாங்களா?"

பொன்னையா சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை கடைசிப் பரீட்சை. ரோட்டைத் தாண்டி றஹீம் நானாவின் தேத்தண்ணிக் கடை வரைக்கும், இழுக்காமல் கொள்ளாமல் போய்த் திரும்ப வேண்டும்.

ஜொனி காலோடு காலாக நடந்தது. இரண்டு எட்டுக்கு ஒருதரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. கோழி குறுக்கே ஓடியது, திரும்பவில்லை. வேன் ஹோன் அடித்தது, திரும்பவில்லை.

மாணிக்கவாசகத்தின் கேட் வந்தது.

"என்னப்பா, வெள்ளனவே..."

ஜொனியின் ஒரு காது மட்டும் அசைந்தது. கண் பொன்னையாவின் முகத்திலேயே இருந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பிடி நெத்தலியை அள்ளி அப்படியே கொடுத்தார். அப்புறம் நாய் அவரைப் பார்க்க, அவர் நாயைப் பார்க்க, இரண்டு பேருமாக நடந்தார்கள். நாற்பது. நாற்பத்தொன்று. எண்ணிக்கொண்டே, அதன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, பெரிய ரோட்டில் கால் வைத்தார்.

"பொன்னையா! நில்லு!"

அதே குரல். பின்னாலிருந்து, ஓடி வருகிற குரல். திரும்புவாரா அவர்? கழுத்தை விறைத்துக்கொண்டு அடுத்த காலையும் எடுத்து வைத்தார்.

ஜொனி திரும்பிவிட்டது. நாலு காலையும் ஊன்றிக் குரல் வந்த பக்கம் ஒரே இழுவை. பொன்னையா தடுமாறிப் பின்னால் வந்து ரோட்டோரப் புல்லில் குந்திவிட்டார். எங்கேயோ பிரேக் கிறீச்சிட்டது. அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

"நன்றி கெட்ட நாயே," என்றார், ஜொனியின் கழுத்துப் பட்டியைப் பிடித்து உலுக்கி. "பத்து நாளா என் கையால தின்னுட்டு அவன் பேச்சுக்குத் திரும்புறியா? அவன் கூப்பிட்டாத் திரும்பாதேன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே."

ரோட்டில் லொறி டிரைவர் ஒருவன் சிங்களத்தில் யாரையோ கண்டபடி ஏசிக்கொண்டிருந்தான். யாரை என்று பொன்னையா தலையைத் தூக்கினார்.

தம்புள்ளையிலிருந்து முட்டைக்கோவா மூட்டை ஏற்றி வந்த லொறி நடுரோட்டில் நின்றிருந்தது. அதற்கு ஒரு முழம் முன்னால், இரண்டு கையையும் அகல விரித்தபடி, மாணிக்கவாசகம். ஒரு காலில் செருப்பைக் காணோம்.

மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னார்:

"நாய ஏசாத பொன்னையா. அது கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது."