மெல்லாத பேரீச்சை

கோழிக்கோட்டு மருத்துவமனை அறையில் காலை வெயில் கட்டில் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. பிறந்து ஒரு மணி நேரமே ஆன குழந்தை, அத்தை ரம்லாவின் மடியில் உதட்டைச் சப்புகிறது. முதல் இனிப்பு ஊட்டுவது வீட்டுக்கு மூத்தவளான அவளுடைய உரிமை. பேரீச்சம்பழத்தை மென்று, அந்தக் குழைவைப் பிஞ்சு அண்ணத்தில் தடவ வேண்டும். ரம்லா பழத்தை விரல்களில் உருட்டிக்கொண்டே இருக்கிறாள். தலைத்துணியின் நுனி அவள் வாயை மூடியிருக்கிறது. அதனடியில், முந்தாநாள் ஊசிக் குத்தலாய்த் தொடங்கிய அக்கி, கீழுதட்டில் நீர் கோத்த கொப்புளங்களாய்க் கொதிக்கிறது. சின்ன வயதில் வந்து நரம்பில் பதுங்கிக்கொண்டது. உடம்பு அசந்தால் தலைகாட்டும். பச்சைக் குழந்தைக்கு அது எமன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிடலாம்தான். ஆனால் கணவர் துபாயிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது; உதட்டைப் பார்த்தால் அவரோடு முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள்.

“என்ன இத்தா, புதுப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு? மச்சான் வந்ததிலேர்ந்தே இப்படித்தானா?” சித்தி மகள் சுஹரா அக்காவைச் சீண்ட, சுற்றியிருக்கும் பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள்.

“சீக்கிரம் கொடுங்க இத்தா” என்கிறாள் கட்டிலில் கிடக்கும் தம்பி மனைவி ஷஹனாஸ். பத்து வருடம் காத்திருந்து பெற்றவள்.

ரம்லாவுக்குக் காது மடல்வரை சுடுகிறது. குழந்தை வாயைத் திறக்கிறது. அவள் துணியை இறக்குகிறாள்.

“அடியம்மா!” என்கிறாள் சுஹரா. சிரிப்பு நின்றுவிடுகிறது.

“வேற பழம் எடுத்து நீயே மென்னு கொடு, ஷஹனாஸ். என் வாய் பட்டா பிள்ளைக்கு ஆகாது.”

எல்லார் கண்ணும் தன் உதட்டில் நிற்க, குழந்தையை அதன் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு, கை கழுவப் போகிறவள்போல ரம்லா சுவரோரக் குழாய்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.