முப்பத்தாறு அடி

"உமக்கு எத்தினை வருசமாச் சொல்லுறன். நிப்பாட்டோணும் எண்டால் கையை உயர்த்திக் காட்டும் எண்டு."

பஸ்ரியன் பிக்கப் ட்ரக்கை விட்டு இறங்கிப் பின்பக்கம் போனார். பின்னுக்கு எடுத்ததில் ட்ரெயிலரின் வலது மூலை கடை வேலிக் கம்பத்தில் மோதி நசுங்கியிருந்தது. கைகாட்டிக்கொண்டு நின்ற மனைவி பேர்ணடெற் நசுங்கின இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அன்ரி ரெண்டு கையையும் உயர்த்தி..." என்று தொடங்கினாள் நிலாணி. ட்ரெயிலர் விற்கிற அந்தக் கடையில் வேலை செய்கிறவள்.

"என்ர பிழைதான் பிள்ளை," என்று பேர்ணடெற் குறுக்கே சொன்னார்.

"எப்பவும் அதைத்தான் சொல்லுறா. பிறகு திரும்பவும் அதையேதான் செய்யிறா," என்றார் பஸ்ரியன். "பழசைக் குடுத்துப் புதுசு மாத்தக் கொண்டுவந்த இடத்திலயே இடிச்சாச்சு."

அஜின்கோர்ட் வீட்டிலிருந்து வந்த வழி முழுக்கவும் இதே கரைச்சல்தான். "வலப்பக்கம் கார் வருது... வலப்பக்கம் சைக்கிள்... வலப்பக்கம் பாத்து..." மனுசி வாய் மூடவில்லை. இருபத்திரண்டு வருசம் ட்ரெயிலர் இழுத்தவனுக்கு வலப்பக்கம் எது என்று தெரியாதா?

அவர்களிடம் இருந்தது ஃபிஃப்த் வீல் ட்ரெயிலர். பிக்கப்பின் முதுகில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பின்னால் இழுபட்டு வரும் ஒரு குட்டி வீடு. இருபத்திநாலு அடி. பஸ்ரியன் ஆறடி ஆள். காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போதெல்லாம் தலை கூரையில் இடிக்கும். முப்பத்தாறு அடி ஒன்று வாங்கினால் நிமிர்ந்து நிற்கலாம், பின்னால் ரெண்டு சாய்கதிரை போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

மாசியிலிருந்து கேட்கிறார். "ஈஸ்ரர் முடியட்டும்" என்றார் பேர்ணடெற். பிறகு "அந்தோனியார் திருநாள் முடியட்டும்." பிறகு முழங்கால் நோகுதாம். புதிது வாங்கவும் இல்லை, பழையதைக் கொண்டு கேம்பிங் போகவும் விடவில்லை. கோடை பாதி போய்விட்டது. போன கிழமைதான் திடீரென்று, "சரி, சனிக்கிழமை போய்ப் பாப்பம்" என்று இறங்கிவந்தார்.

வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. பஸ்ரியன் புது ட்ரெயிலருக்குள் நிமிர்ந்து நின்று சந்தோசப்பட்டுக்கொண்டிருக்க, பேர்ணடெற் வெளியில் நின்று நிலாணியைக் கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தார்.

"வளைவில திருப்பேக்க பின்பக்கம் எவ்வளவு வெளியில போகும் பிள்ளை? பிரேக் தனியப் பிடிக்கலாமோ? ரோட்டில காத்தடிச்சால் ஆட்டுமோ?"

பஸ்ரியன் யன்னலால் எட்டிப் பார்த்தார். "உமக்கேன் உது? நீர் குசினியை வந்து பாரும். ஓடுறது நான்."

பேர்ணடெற் குசினியைப் பார்க்க வரவில்லை. டயரைக் குனிந்து பார்த்தார்.

கடைசியில் மூவரும் மேசைக்கு வந்தார்கள். பஸ்ரியன் பேனையைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு விசயம் அங்கிள்," என்றாள் நிலாணி. "இது பாரம் கூட. இப்ப நீங்கள் வைச்சிருக்கிற லைசன்ஸோட இழுக்கேலாது. ஏ வகுப்பு எடுக்கோணும். பெரிய வேலை இல்லை. கண்ணைச் சோதிச்சு டொக்டர் ஒரு ஃபோமில எழுதித் தந்தால், பிறகு ரெஸ்ட்தான்."

பேனை நின்றது.

மாசி மாதம் மார்க்கம் நகரில் கண் டொக்டர் சொன்னதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. வலது கண்ணின் பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டு வருகிறதாம். சோதனை இன்னும் இருக்கிறது, அதுவரைக்கும் ட்ரெயிலர் இழுக்கிற எண்ணத்தை விடுங்கள் என்றார். பஸ்ரியன் வீட்டுக்கு வந்து, "ஒண்டுமில்லை, சொட்டு மருந்து தந்தவர்" என்றார். அடுத்த சோதனைக்குப் போகவே இல்லை.

இப்போது பேனையை மெல்ல மேசையில் வைத்தார்.

"விடுங்கோ பிள்ளை. எனக்கு விருப்பம்தான். ஆனா இவவுக்கு இவ்வளவு நீளம் எண்டால் பயம். பின்னால நிண்டு ஒழுங்காக் கைகாட்டவே தெரியாத ஆள். இவவை வைச்சுக்கொண்டு முப்பத்தாறு அடியை நான் எங்க விடுறது?"

நிலாணி பேர்ணடெற்றைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள் போல.

பேர்ணடெற் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து விரித்து வைத்தார்.

"அங்கிள் சொல்லுறது சரி பிள்ளை. பயமாத்தான் இருந்தது. ரெண்டு தரம் ஃபெயில். போன கிழமைதான் பாஸ் பண்ணினனான். இழுக்கப்போறது நான். என்ர பேரில எழுதுங்கோ."

ஏ வகுப்பு லைசன்ஸ், அட்டை வரும்வரைக்கும் தந்த தாள். பேர்ணடெற்றின் பெயர்தான் இருந்தது.

நிலாணி அதைப் பிரதி எடுக்க உள்ளே போனாள். பஸ்ரியனுக்கு மனுசியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"பங்குனியில. அடுத்த சோதனைக்கு ஏன் வரேல்லை எண்டு டொக்டரின்ர ஒஃபீஸிலயிருந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தவை. கண் விசயமும் அவைதான் சொன்னவை. அண்டைக்கே நான் ட்ரெயினிங்குக்குப் பேர் குடுத்திட்டன். ரெஸ்ட் முடியுமட்டும் உங்களை வெளிக்கிட விடாமல் மறிக்கத்தான் பெரும் பாடாப் போச்சு."

"பிறகேன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை நீர்? கம்பத்தில இடிச்சதுக்கும் உம்மட பிழை எண்டு..."

பேர்ணடெற் அவருடைய சேர்ட் பையிலிருந்து ட்ரக் திறப்புக் கொத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."