தொப்!

மூன்றாவது தவளைத் தாவலுக்கு அவள் குந்தினாள்.

இடது முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது.

நகரட்டும், சனியன். இன்னும் இருபது நிமிடம்தான்.

எதிரே பச்சை மெத்தையின் மேல் ஏழு தவளைகள். நான்கு வயதும் ஐந்து வயதுமாக. ஒரு தவளைக்கு மூக்கு ஒழுகியது. இன்னொன்று காலுறையைக் கழற்றி வாயில் வைத்திருந்தது.

எட்டாவது தவளை சுவரோரம் நின்றது. ருத்விகா. ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரமாகிறது. தாவியதில்லை, உருண்டதில்லை, ஒரு முறைகூட விழுந்ததில்லை. சுவரை விட்டால் கட்டடமே சாய்ந்துவிடும் என்பதுபோல் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உரிமையாளர் கனகசபாபதி நின்றிருந்தார்.

சொன்னபடி வந்துவிட்டார், மனுஷன்.

போன வாரமே சொல்லியிருந்தார். "பெத்தவங்க கேக்கறாங்க மிஸ். மூணு மாசமா புள்ளைங்க வெளையாடிட்டேதான் இருக்குதாமா. சனிக்கிழமை நானே வந்து பாக்கறனுங்க. சரிப்படலீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும்."

விளையாட்டுத்தான். யார் இல்லையென்றது? கரடியாக நடந்தால் தோளுக்கு வலு வரும். நண்டாக நடந்தால் இடுப்பு நிமிரும். கேட்பவர்களுக்குக் கரடி தெரிகிறது, தோள் தெரிவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவளுக்கு அலுத்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, குதிக்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. பதினோரு நாளாகக் கைப்பையின் அடியில் கிடக்கிறது. எடுத்துக் காட்டினால் வேலை போய்விடும். குதித்துக் காட்டாத மிஸ்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? நொண்டிச் சாக்கு என்பார்கள். இந்த முறை அது நிஜமாகவே நொண்டியின் சாக்கு.

தாவினாள்.

தரையிறங்கும்போது இடது முட்டி கூடவே வரவில்லை.

விழுந்தாள்.

ஆனாலும் உடம்பு பாடத்தை மறக்கவில்லை. தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முதுகு வளைந்தது. கை பின்னால் ஊன்றவில்லை. உருண்டுபோய்ப் பக்கவாட்டில் கிடந்தாள்.

"தொப்!" என்று கத்தியது மூக்கொழுகிய தவளை.

முதல் வகுப்பிலிருந்தே அவள் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. எல்லாரும் மரத்துப் பழம். மிஸ் "காத்து" என்றால் "தொப்" என்று உருண்டு விழ வேண்டும். விழுந்த பழம் அசையக் கூடாது. மிஸ் "மழை" என்ற பிறகுதான் முளைத்து எழலாம். கரணம் போடுவதற்கு முன்னால் அடிபடாமல் விழத் தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி.

இன்றைக்குக் காற்று வந்ததாக யாரும் சொல்லவில்லை. மிஸ்ஸே விழுந்த பிறகு காற்று எதற்கு?

தொப். தொப். தொப்.

ஏழு பேரும் விழுந்தார்கள். ஏழு தாடையும் நெஞ்சில். ஒரு கைகூடப் பின்னால் ஊன்றவில்லை.

கிடந்தபடியே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. வலியால் மட்டுமில்லை.

கதவு திறந்தது. கனகசபாபதி தலையை நீட்டினார்.

"அட, பரவால்லியே! ஒருத்தருக்குக்கூட அடிபடல பாருங்க."

அவளுக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. தப்பித்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் ஓடும்.

அவர் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எந்திரிக்கறத ஒரு வீடியோ புடிச்சுக்கறனுங்க மிஸ். பெத்தவங்களுக்கு அனுப்பி உடலாம்."

மழை என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். சொன்னால் ஏழு பேரும் எழுந்துவிடுவார்கள். கூடவே அவளும் எழ வேண்டும்.

இடது காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முடியாது.

போன் உயர்ந்தபடியே நின்றது. பழங்கள் மூச்சடக்கிக் கிடந்தன. கீழ்த்தளத்து மரச்சாமான் கடையில் யாரோ எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே கிடந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

சுவர்ப் பக்கமிருந்து சின்னக் காலடிகள் வந்தன.

ருத்விகா.

முட்டியைப் பார்த்தாள். அதற்குள் அது வீங்கத் தொடங்கியிருந்தது. பிறகு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் போனைப் பார்த்தாள்.

தாடையை நெஞ்சில் ஒட்டினாள். முதுகை வளைத்தாள். உருண்டு விழுந்தாள்.

சத்தமே இல்லாத ஒரு தொப். ஆறு வாரமாகப் பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

விழுந்த இடம், அந்த முட்டிக்கும் அந்தப் போனுக்கும் நடுவில்.

"இன்னொரு புள்ளையும் விழுந்துருச்சா? செரி, மழையக் கூப்புடுங்க மிஸ்," என்றார் கனகசபாபதி.

அவள் வாயைத் திறந்தாள்.

ஒரு சின்னக் கை தேடி வந்து அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் ருத்விகா சொன்னாள்.

"மழை மெதுவாவே வரட்டும் மிஸ்."