விடுதலை பெற்ற லேப்டாப்

புத்தகக் கண்காட்சியில் என் பஜ்ஜிக் கடைக்கு எதிரே கட்டற்ற மென்பொருள்காரர்கள், அதாவது கம்பெனிகள் பூட்டிவைத்த மென்பொருளைத் தொடவே கூடாது என்கிற கூட்டத்தார், மேசை போட்டிருந்தார்கள். மூன்று நாளாக என் கடை ஈகூட அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் செர்மக்கனி வந்தாள். ஊராருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள். "லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது தம்பி. நாளைக்குக் கடைசி நாளு, எட்டுப் பிள்ளைங்களுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போடணும்." மேசையிலிருந்த முகிலன் என்ற தாடிக்காரன் முக்கால் மணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினான். பேசிக்கொண்டே அவளுடைய விண்டோஸை அழித்துத் தங்களுடைய கட்டற்ற மென்பொருளை ஏற்றினான். லேப்டாப் பறந்தது. வைஃபை மட்டும் வரவில்லை.

"அதுக்குக் கம்பெனிக்காரனோட டிரைவர்ங்கிற மென்பொருள் வேணும்க்கா. உள்ள என்ன எழுதியிருக்கான்னு அவன் காட்ட மாட்டான். அதைப் போட்டா நீங்க அடிமை."

"அடிமையாவே இருந்துக்கிறேன், போட்டு விடு தம்பி."

"கொள்கைனு ஒண்ணு இருக்குல்லக்கா?" என்று சொல்லி, அவளை லேப்டாப்போடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான் அந்த மகான்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, இதைப் பழையபடி மாத்திக் குடுக்கிற கடை பக்கத்துல எங்க இருக்கு?"

வழி சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே முகிலன் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான்: 'இன்று விடுதலை பெற்றவர்: ஒருவர்.'