சேராத வாயசைப்பு

"கொல்றதுன்னா இப்படியாய்யா கொல்றது? கட்டை விரல் ரெண்டும் தொண்டைக்குழியில உக்காரணும். அவ காலை உதறுவா, உதறட்டும். நீ விடாதே!"

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். தரையில் மல்லாந்து கிடந்த பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன, உதட்டோரம் கிழிந்து ரத்தம் கசிந்தது. அவள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கழுத்தைப் பிடித்தான்.

"கட்! கட்!" என்று கத்தினார் இயக்குநர். "பழைய படத்து வாயசைப்போட சேரலம்மா. இந்தத் தடவையும் சேரல."

பாட்டாலேயே ஓடிய ஒரு பழைய படத்தை மறுபடி எடுக்கிறார்கள். அதன் கடைசிப் பாட்டில் நாயகன் பாடிக்கொண்டே நாயகியின் கழுத்தை நெரிப்பான், அவளும் கூடவே பாட வேண்டும். ஆனால் பழைய நாயகியின் வாய் பாட்டோடு சேராமல் வேறு எப்படியோ அசையும்.

திரும்ப எடுத்திருக்கலாம். அந்தக் காட்சி முடிந்த இடத்திலேயே மூச்சு நின்று போய்விட்டாள் மகராசி. இதயம் பலவீனம் என்றார்கள், எடுத்ததை அப்படியே வெளியிட்டார்கள்.

அந்த வாயசைப்பைத்தான் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அந்த இடம் வந்தால் கொட்டகையே எழுந்து நின்று அதே மாதிரி வாயை அசைக்கும். இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

அது அச்சு அசலாக வராவிட்டால் திரையைக் கிழித்துவிடுவார்கள் என்பது இயக்குநரின் பயம். தரையில் கிடந்த புதுமுகத்தின் பயம் வேறு. பழைய படத்தின் நாயகன்தான் இந்தப் பெரியவர், படத்தின் உரிமையும் அவரிடம்தான். அவர் தலையாட்டினால் இவள் நாயகி. இல்லையென்றால் பின்வரிசையில் முகம் தெரியாமல் ஆடும் பழைய பிழைப்பு.

அறை நிஜமாக விழ வேண்டும் என்றார் பெரியவர். வாங்கிக்கொண்டாள். தலையைத் தரையில் மோத வேண்டும் என்றார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

"வாயைப் புடிச்சு ஏன்யா தொங்குறீங்க?" என்று எரிந்து விழுந்தார் பெரியவர். "அன்னிக்கு அந்தப் பழைய நாயகி பாட்டை மறந்துட்டு உளறினா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"ஐயா, அந்த முகம்தானே ஐயா படமே!"

"அப்ப ஆளை மாத்துங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பாப்பேன். வரலேன்னா இந்தப் பொண்ணு தேறாது."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "பழசைப் போடுங்கப்பா, இன்னொரு தடவை பாத்துக்கட்டும்."

பெரிய திரையில் படம் வந்தது. குரலெல்லாம் ஏற்கெனவே பதிவானதுதான், படப்பிடிப்பில் பாட்டை ஓடவிட்டு வாயை அசைப்பதோடு சரி. ஸ்பீக்கர் அலறும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. இப்போதும் அப்படித்தான் அலறியது, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

திரையில் இளவயதுப் பெரியவர் பாடிக்கொண்டே நெரித்தார். நாயகியின் குதிகால்கள் தரையில் மோதின. அவள் நகம் கிழித்து அவர் மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் காதைப் பொத்தவில்லை. புதுமுகத்தின் அக்கா அவள், பிறவியிலேயே காது கேட்காதவள். தங்கைக்குத் துணையாக இன்றுதான் முதல் தடவை வந்திருந்தாள், அந்தப் படத்தையும் இப்போதுதான் பார்க்கிறாள்.

அவள் சட்டென்று எழுந்து ஓடி வந்து, தங்கையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல்களால் மளமளவென்று பேசினாள். தங்கையின் முகம் வெளுத்தது.

"என்னம்மா, அக்கா ஏன் அழுவுறாங்க?" என்றார் இயக்குநர்.

"அப்புறம் சொல்றேன் சார். முதல்ல எடுத்துடலாம்."

போய்ப் படுத்தாள். மேலே உட்கார்ந்தவனிடம், "நிஜமாவே அழுத்துங்க, பரவாயில்ல" என்றாள்.

பாட்டு அலறியது. அவன் அழுத்தினான். அவள் கண்கள் பிதுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, குதிகால் தரையில் மோதித் தோல் கிழிந்தது. அந்த வாய் பாட்டை விட்டு விலகி அசைந்தது. பழைய படத்தில் அசைந்தது போலவே, இம்மி பிசகாமல்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலில் கூரை அதிர்ந்தது. விளக்குப் பிடித்தவன் விசிலே அடித்தான். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் மட்டும் தட்டவில்லை. பாராட்ட மனசு வராத மனுஷன் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆனால் அவரே கையை உயர்த்தி, "போதும், இவதான் நாயகி" என்றார் கரகரத்த குரலில். "பேச்சு வேணாம், எல்லாரும் கிளம்புங்க."

ஏங்கிக் கிடந்த வேஷம் கைக்கு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"எப்படிம்மா இப்ப மட்டும் வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"அக்கா உதட்டைப் பாத்தே பேச்சைப் படிச்சிடுவா சார். அந்தம்மா பேசினதை அவ படிச்சுச் சொன்னா. அதையே நானும் சொன்னேன்."

"பேசினாங்களா? என்ன பேசினாங்க?"

அவள் பெரியவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"'நடிப்பில்ல, நிஜமாவே கொல்றான், பாட்டை நிறுத்துங்க!'"